துலாவும் கலப்பையும்: இயற்கையைக் கெடுத்தது கடவுளா, கருவியா?

எங்கட அப்பப்பாவின்ர தோட்டக் கிணத்தடியில இண்டைக்கும் இரண்டு ஆடுகால் நிக்குது. துலா இல்லை. அதை எப்பவோ இறக்கி மாட்டுக்கொட்டிலுக்கு வளையாகப் போட்டிட்டினம். "ஆடுகால் மட்டும் ஏன் நிக்குது?" எண்டு சின்னனில கேட்டால், "நிக்கட்டும், அது என்ன சோறோ கேக்குது?" எண்டு அப்பப்பா சொல்லுவார்.

அந்தக் கிணத்தில இப்பவும் குளிக்கிறம், உடுப்புத் தோய்க்கிறம். குடிக்கிறதில்லை. குடிக்கிறதுக்குக் கடையில இருந்து பெரிய போத்தலில தண்ணி வருது. அக்காவின்ர கைக்குழந்தைக்கு அந்தக் கிணத்துத் தண்ணியில பால்மா கரைக்க வேண்டாம் எண்டு கிளினிக்கில சொன்ன நாளில இருந்து இந்த ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அம்மா அதே கிணத்துக்கட்டைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைச்சுக் கும்பிடுறா. கும்பிடுற கிணறு, குடிக்க ஏலாத கிணறு. இரண்டும் ஒண்டுதான்.

இந்த முரண்பாட்டைப் பற்றி எனக்குப் பெரிதாக யோசனை வந்ததில்லை. போன வருடம் வரலாற்றுப் பாடத்தில் ஒரு கட்டுரையை வாசிக்கச் சொல்லித் தந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த ஆடுகால்களை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன்.

ஒரு கட்டுரை கிளப்பிய சண்டை

கட்டுரையை எழுதியவர் லின் வைற். அமெரிக்கர். ஐரோப்பிய மத்திய காலத் தொழில்நுட்ப வரலாற்றில் பெயர் பெற்றவர். 1966 டிசம்பரில் வொஷிங்டனில் விஞ்ஞானிகளின் கூட்டம் ஒன்றில் அவர் பேசியதை, 1967 மார்ச்சில் 'சயன்ஸ்' சஞ்சிகை வெளியிட்டது. நமது சூழல் நெருக்கடியின் வரலாற்று வேர்கள் எங்கே என்பதுதான் தலைப்பு. ஐந்தாறு பக்கம்தான். ஆனால் அறுபது வருடமாகப் போகிறது, அதைப் பற்றிய வாதம் இன்னும் முடியவில்லை.

வைற் சொன்னதைச் சுருக்கினால் இப்படி வரும். மனிதர்கள் தங்கள் சூழலுக்கு என்ன செய்கிறார்கள் என்பது, தங்களைச் சுற்றியுள்ளவற்றோடு தங்களுக்கு என்ன உறவு என்று அவர்கள் நினைப்பதில் தங்கியிருக்கிறது. அந்த நினைப்பைத் தருவது மதம். மேற்கு ஐரோப்பியக் கிறிஸ்தவம் மனிதனைக் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவனாகவும், மற்ற எல்லாவற்றையும் அவனுடைய பயனுக்காகப் படைக்கப்பட்டவையாகவும் வாசித்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு மரத்துக்கும் ஊற்றுக்கும் மலைக்கும் காவல் தெய்வம் இருந்தது. மரத்தை வெட்டுவதற்கு முன் அந்தத் தெய்வத்தைச் சமாதானப்படுத்த வேண்டும். கிறிஸ்தவம் அந்தத் தெய்வங்களை வெளியேற்றியது. காவல் போனதும் காடு வெறும் மரமாகிவிட்டது.

வகுப்பில் சண்டை தொடங்கியது இந்த இடத்தில்தான். என்னோடு படிக்கும் மன்னார் நண்பி ஒருத்தி முகம் சிவந்து போய்க் கேட்டாள்: "அப்ப பிழை முழுக்க எங்கட வேதத்திலயோ? ஏதேன் தோட்டத்தைப் பராமரிக்கச் சொல்லித்தான் ஆதாமை அங்க வைச்சதெண்டு ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்திலயே கிடக்குதே. அதை ஏன் இவர் கணக்கில எடுக்கேல்லை?" அவள் கேட்டது நியாயம். இதே கேள்வியை 1967இற்குப் பிறகு பல இறையியலாளர்களும் கேட்டிருக்கிறார்கள். ஒரு விடயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வைற் கிறிஸ்தவத்தின் எதிரியல்ல. அவர் ஒரு போதகரின் மகன், கடைசி வரை தேவாலயத்தோடு இருந்தவர். தன் வீட்டுக் குப்பையைத் தானே கிளறிய மனிதர்.

எனக்கு அந்தக் கட்டுரையில் கடவுளைப் பற்றிய பகுதியை விட, கலப்பையைப் பற்றிய பகுதிதான் மனதில் நின்றது. சண்டையில் யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

எட்டு மாட்டுக் கலப்பை

பழைய ஐரோப்பியக் கலப்பை கிட்டத்தட்ட எங்கட நாட்டுக் கலப்பை மாதிரித்தான். இரண்டு மாடு இழுக்கும். மண்ணைக் கீறும், புரட்டாது. அதனால் ஒரு தடவை நெடுக்கும் ஒரு தடவை குறுக்குமாக உழ வேண்டும். வயல்கள் கிட்டத்தட்டச் சதுரமாக இருந்தன. மத்தியதரைக் கடலோரத்தின் இலேசான, வறண்ட மண்ணுக்கு அது போதும். வட ஐரோப்பாவின் ஈரமான, ஒட்டுகிற களிமண்ணுக்கு அது எடுபடவில்லை.

ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட ஐரோப்பாவில் சில விவசாயிகள் வேறொரு கலப்பையைப் பயன்படுத்தத் தொடங்கியதாக வைற் சொல்கிறார். அதில் மண்ணை நிமிர்த்தி வெட்ட ஒரு கத்தி, அடியில் அறுக்க ஒரு கொழு, வெட்டிய மண்ணைப் புரட்டிப் போட ஒரு பலகை என மூன்று பாகங்கள். மண்ணோடு உராய்வு அதிகம் என்பதால் இரண்டு மாடு போதாது. பொதுவாக எட்டு மாடு வேண்டும். எந்த விவசாயியிடமும் எட்டு மாடு இல்லை. எனவே பலர் மாடுகளைச் சேர்த்துப் பூட்டினார்கள். உழுத நிலத்தை, யார் எத்தனை மாடு தந்தார்களோ அந்த அளவுக்குப் பங்கு போட்டார்கள்.

இங்கே நடந்த மாற்றத்தை வைற் பிடிக்கிறார். முன்பு ஒரு குடும்பத்துக்குச் சாப்பிட எவ்வளவு தேவையோ அதுதான் நிலத்தின் அளவு. இப்பொழுது இயந்திரத்தால் எவ்வளவு உழ முடியுமோ அதுதான் அளவு. தேவை என்ற அளவுகோல் போய், வலு என்ற அளவுகோல் வந்துவிட்டது.

அவர் இன்னொரு சான்றும் தருகிறார். பழைய நாட்காட்டிப் படங்களில் பன்னிரண்டு மாதங்களும் சும்மா நிற்கும் மனித உருவங்களாக வரையப்பட்டன. 830ஆம் ஆண்டுக்குச் சற்று முன் பிராங்கியர்களின் நாட்காட்டிகளில் படம் மாறுகிறது. மனிதர்கள் உழுகிறார்கள், அறுவடை செய்கிறார்கள், மரம் வெட்டுகிறார்கள், பன்றி அறுக்கிறார்கள். மனிதன் வேறு, இயற்கை வேறு, மனிதன் எசமான்.

இதே காலப்பகுதியை ஒட்டி இன்னொரு கதையும் உண்டு. 720களில், இன்றைய ஜேர்மனியின் கைஸ்மார் என்ற இடத்தில், தோர் என்ற இடிமுழக்கத் தெய்வத்துக்குரிய ஓக் மரத்தைப் புனித பொனிபாஸ் கோடரியால் வெட்டி வீழ்த்தினார். அவருடைய வரலாற்றை எழுதியவரின்படி, அந்த மரத்தின் பலகைகளைக் கொண்டே அங்கே ஒரு சிற்றாலயம் கட்டப்பட்டது. மரத்தில் குடியிருந்த தெய்வம் தன்னைக் காப்பாற்றவில்லை என்று மக்கள் கண்ணால் கண்டார்கள். வைற் சொல்லும் 'காவல் நீங்குதல்' இதைவிடத் தெளிவாக நடந்த இடம் குறைவு.

ஒரே வேதம், வேறு வேறு மண்

ஆனால் வைற்றின் கட்டுரைக்குள்ளேயே ஒரு ஓட்டை இருக்கிறது. கிழக்கே கொன்ஸ்தாந்திநோபிளை மையமாகக் கொண்ட கிரேக்கத் திருச்சபையும் அதே ஆதியாகமத்தைத்தான் வாசித்தது. அங்கே இந்தத் தொழில்நுட்ப வேகம் வரவில்லை. கிழக்குத் திருச்சபை தியானத்தை வலியுறுத்தியது, மேற்குத் திருச்சபை செயலை வலியுறுத்தியது என்று வைற் விளக்கம் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் மேற்கிலும் இத்தாலிய விவசாயிகள் பலர் பழைய இரண்டு மாட்டுக் கலப்பையோடுதான் பல நூற்றாண்டு இருந்தார்கள். உரோமின் பாப்பரசர் அவர்களுக்குத்தான் பக்கத்தில். மண் வேறு என்பதால் கலப்பை வேறு. கலப்பைக்கு வேதம் தெரியாது, களிமண்ணைத்தான் தெரியும்.

அடுத்த சிக்கல் இன்னும் பெரியது. கிறிஸ்தவம் பிறப்பதற்கு முன்பே, அல்லது அது எட்டாத இடங்களிலும், மனிதர்கள் இயற்கையைக் கெடுத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் சுமேரியா. இன்றைய ஈராக்கின் தெற்கு. அவர்களுடைய பெரிய தெய்வங்களில் ஒருவர் என்கி. நிலத்துக்குக் கீழே இருக்கும் நன்னீருக்கு அதிபதி, எரிது நகரில் அவருக்குக் கோயில். நிலத்தடி நீருக்கென்றே ஒரு கடவுளை வைத்துக் கும்பிட்டவர்கள், வாய்க்கால் வெட்டி வயலுக்கு நீர் பாய்ச்சினார்கள். வடிகால் போதவில்லை. நீர் ஆவியாக, உப்பு மண்ணில் தங்கியது. கோதுமை மெல்ல மெல்லக் குறைந்து, உப்பைத் தாங்கும் பார்லி அந்த இடத்துக்கு வந்தது. தோர்கில்ட் ஜேக்கப்சன், ரொபர்ட் அடம்ஸ் என்ற இருவர் 1958இல் எழுதிய கட்டுரையில் இதை விரிவாகக் காட்டினார்கள். நன்னீர்க் கடவுளின் நாட்டில் உப்பு வென்றது.

கிரேக்கத்தில் ஊற்றுக்கு ஊற்று, மரத்துக்கு மரம் தேவதைகள் இருந்தன. ஆனாலும் அத்திக்கா மலைகளின் மண் கழுவுண்டு போய், நோயாளியின் உடலில் எலும்பு தெரிவதைப் போல நிலம் தெரிகிறது என்ற கருத்தில் பிளேட்டோ கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார்.

சீனாவைப் பற்றி புவியியலாளர் யி-ஃபூ துவான் 1968இல் எழுதியது இன்னும் கூர்மையானது. இயற்கையோடு இசைந்து வாழச் சொல்லும் தாவோயிசமும் பௌத்தமும் இருந்த நாட்டில், மலைகள் ஏன் மொட்டையாகின? விறகு, கட்டடம், எழுதும் மைக்காகப் பைன் மரத்தை எரித்து எடுத்த கரி எனப் பல காரணங்களை அவர் அடுக்குகிறார். பௌத்த விகாரைகள் தம்மைச் சுற்றியிருந்த மரங்களைக் காத்தன. அதே பௌத்தம் பரப்பிய தகனம் செய்யும் வழக்கம் விறகைத் தின்றது. ஒரு சமூகம் சொல்வதும் செய்வதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் துவானின் முடிவு.

இதை வாசித்த பிறகு நம்மூர்த் தல விருட்சங்களை யோசித்துப் பார்த்தேன். கோயில் மரத்தில் ஒருவரும் கத்தி வைக்க மாட்டார்கள். உண்மை. ஆனால் கோயில் மதிலுக்கு வெளியே நிற்கும் மரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒன்றைப் புனிதம் என்று வேலி போடும்போது, வேலிக்கு வெளியே உள்ளதை 'புனிதமில்லை' என்று கைவிட்டு விடுகிறோமோ?

மலைநாட்டில் நடந்தது

இலங்கையில் வைற்றின் வாதத்தைச் சோதிக்க ஒரு நல்ல இடம் மத்திய மலைநாடு. ஒரு நூற்றாண்டுக்குள் அந்த மலைகளின் காடு கோப்பியாகவும், பிறகு தேயிலையாகவும் மாறியது.

அதற்கு வழி திறந்தது ஒரு சட்டம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் எல்லாம், வேறொருவருடையது என்று நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியது என்று அது சொன்னது. ஊர் மக்கள் விறகு பொறுக்கிய, மாடு மேய்த்த, சில வருடத்துக்கு ஒருமுறை சேனை வெட்டிய நிலத்துக்கு உறுதிப் பத்திரம் எங்கே இருக்கும்? அந்த ஆண்டுகளில் ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்கு நிலம் விற்கப்பட்டது. வாங்கியவர்களில் அரசாங்க உயர் அதிகாரிகளும் இருந்தார்கள். 1870களின் இறுதியில் கோப்பி இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் பரவியிருந்தது. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபோதும் காடு திரும்பவில்லை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

காட்டோடு யானையும் போனது. மேஜர் றொஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அது தெய்வத் தண்டனை என்று ஊரில் கதை கட்டிக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கதையால் ஒரு துப்பாக்கியும் கீழே வைக்கப்படவில்லை.

இதில் கிறிஸ்தவத்தின் பங்கு என்ன? நேர்க்கோடு போட முடியாது. ஆனால் உழைக்கப்படாத நிலம் வீண் நிலம் என்ற எண்ணத்துக்கு ஒரு பரம்பரை இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் ஜோன் லொக், கடவுள் பூமியை எல்லோருக்கும் தந்தார், ஆனால் அதை உழைத்துப் பயன்படுத்துகிறவனுக்கே அது உடைமையாகிறது என்று ஆதியாகமத்தைத் துணைக்கு வைத்துத்தான் வாதிட்டார். அப்படிப் பார்த்தால் காடு என்பது யாரும் இன்னும் வேலை செய்யாத இடம், அவ்வளவுதான். வைற் இதை எழுதவில்லை. ஆனால் எழுதியிருந்தால் அவருடைய வாதம் பலப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். கடவுள் நம்பிக்கை நேரடியாகக் கோடரி பிடிக்காது. அது சட்டத்துக்குள்ளே போய் இருந்துகொள்ளும்.

இதை நான் வகுப்பில் சொன்னபோது, ஹற்றனிலிருந்து வந்த நண்பன் சிரித்தான். "நீங்க வெள்ளைக்காரன் சாமியப் பத்தியே பேசுறீங்க. அந்தக் காடு போன எடத்துலதான் எங்க ஆளுங்க மாரியம்மனக் கொண்டாந்து வச்சாங்க. லயத்துக்குப் பக்கத்துல ஒரு மரம் நின்னா அதுல சாமி இருக்கும். மத்த மல முழுக்கத் தொரையோடது. எங்க ஆளுங்களுக்கு மரத்தக் காப்பாத்துற பக்தி இல்லாமப் போகல. நிலந்தான் இல்ல." நான் பதில் சொல்லவில்லை. காட்டை என்ன செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை இல்லாதவருடைய உலகப் பார்வை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், காட்டுக்கு ஒன்றும் செய்ய முடியாது. வைற்றின் கட்டுரையில் 'மனிதன்' என்று ஒருவர்தான் வருகிறார். வரலாற்றில் துரையும் இருக்கிறார், தொழிலாளியும் இருக்கிறார்.

வெள்ளைக்காரன் போன பிறகும் கதை மாறிவிடவில்லை. 1977இற்குப் பிறகு விரைவுபடுத்தப்பட்ட மகாவலித் திட்டத்துக்காக உலர் வலயக் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. பண்டைய மன்னர்களின் குளங்களும் பௌத்தப் பெருமையும்தான் அந்தத் திட்டத்தின் பேச்சு மொழியாக இருந்தன. கொத்மலை நீர்த்தேக்கத்தில் விகாரைகள் மூழ்கின, அவற்றின் நினைவாக மலைமேல் ஒரு பெரிய தாதுகோபுரம் எழுந்தது. காட்டையே தெய்வங்களின் வீடாக எண்ணிய வேடர்கள், 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்காவான தங்கள் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

துலா இறங்கிய கதை

சரி, இனி எங்கட கிணத்தடிக்கு வருவம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். நாங்கள் குடிப்பது சுண்ணக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைநீரை. அந்த நன்னீர், கீழே இருக்கும் உப்பு நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மறுபக்கம், மேலே ஒரு அடி குறைந்தால், கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறத் தேடும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பு நீரும் இருப்பதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இராமர் அம்பு விட்டு உண்டாக்கிய ஊற்று என்ற கதையும் தெரிந்திருக்கும். குடாநாடு முழுவதும் அந்தக் கிணறு மாதிரித்தான்.

துலாக் காலத்தில் இறைக்க மூன்று பேர் வேணும். ஒருவர் துலாவில் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, ஒருவர் பட்டை பிடித்து ஊத்த, ஒருவர் பாத்தியில தண்ணி மாற. விடிய முன்னம் தொடங்கினால் வெயில் ஏற முன்னம் உடம்பு முடிஞ்சு போகும். பல கிணறுகள் பங்குக் கிணறுகள். இண்டைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு எண்டு இறைப்பு முறை இருக்கும். "மனிசன் களைச்சால் கிணறும் ஆறும்" எண்டு அப்பப்பா சொல்லுவார். இரவில கிணறு ஊறும். அதில பக்தி ஒண்டும் பெரிசா இல்லை. களைப்புத்தான் அளவு.

1950கள், 60களில் மண்ணெண்ணெயில் ஓடும் நீர் இறைக்கும் இயந்திரம் தோட்டங்களுக்குப் பரவியது. 1970இல் வந்த அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை. குடாநாட்டு விவசாயி முதல் தடவையாகக் கையில் காசு பார்த்த காலம் அது. கல்வீடு எழும்பியது, பிள்ளைகள் படித்தார்கள். மூன்று பேர் வேலையை ஒரு மிசின் செய்தது. மிசின் களைக்காது. ஒரு போத்தல் எண்ணெய் கூட ஊத்தினால் இன்னும் இரண்டு பரப்புக்குத் தண்ணி பாயும். அத்தோடு யூரியாவும் வந்தது. எங்கட செம்பாட்டு மண் தண்ணியைப் பிடித்து வைக்காது. மிஞ்சின நைதரசன் நைத்திரேற்றாகி நேரே கிணத்துக்குள்ள இறங்கும். 1980களின் தொடக்கத்திலேயே யாழ்ப்பாண ஆய்வாளர்கள் கிணற்று நீரில் இதை அளந்து எச்சரித்தார்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைத் தாண்டினால் முதலில் ஆபத்து, போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைக்குத்தான். குருதி ஒட்சிசனைக் கொண்டு செல்லும் வலுவை இழக்கும். உடல் நீலமாகும்.

இங்கே வைற்றின் கலப்பைப் பகுதியைத் திருப்பி வாசித்துப் பாருங்கள். தேவையின் அளவு போய் இயந்திரத்தின் அளவு வந்தது என்று அவர் ஏழாம் நூற்றாண்டு ஐரோப்பாவைப் பற்றி எழுதியது, இருபதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்துக்கு அப்படியே பொருந்துகிறது. ஒரே ஒரு வித்தியாசம். பாரக் கலப்பை வந்தபோது விவசாயிகள் மாடுகளைச் சேர்த்தார்கள், ஒன்று சேர வேண்டியிருந்தது. எங்கட ஊரில மிசின் வந்தபோது சேர வேண்டிய தேவையே போய்விட்டது. பங்குக் கிணறு தனிக் கிணறானது. முறை போனது.

ஆனால் வைற்றின் கடவுள் பகுதி இங்கே பொருந்தவில்லை. அப்பப்பா மதம் மாறவில்லை. துலாக் காலத்தில் கும்பிட்ட அதே பிள்ளையாரைத்தான் மிசின் காலத்திலும் கும்பிட்டார். மிசினுக்கும் ஆயுத பூசையில பொட்டு வைச்சார்.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு பரிசோதனையும் நடந்திருக்கிறது, யாரும் விரும்பாத பரிசோதனை. 1990இற்குப் பிறகு பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் யூரியாவும் குடாநாட்டுக்குள் வருவது அரிதானது. மிசின்கள் கிடையில் கிடந்தன. அப்பப்பா சொல்லுவார், அந்த நாளில தானும் தம்பியும் திரும்பத் துலா ஏறினவையாம். திரும்பவும் மூன்று பேர், திரும்பவும் களைப்பு. அந்த வருடங்களில் யாருடைய உலகப் பார்வையும் மாறவில்லை. எண்ணெயின் விலைதான் மாறியது. பிறகு எண்ணெய் வந்தது, துலா மாட்டுக்கொட்டிலுக்குப் போனது.

அப்ப மதத்துக்கு வேலையே இல்லையோ?

இப்படிச் சொல்லி முடித்துவிட்டால் எனக்கே திருப்தியில்லை. காரணம், ஒரு மனிதர்.

வாரணாசியில் சங்கட் மோச்சன் அனுமான் கோயிலின் தலைமைப் பூசகராக இருந்தவர் வீர் பத்ர மிஸ்ரா. அதே ஊரின் இந்துப் பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியரும் அவர்தான். நாள் தோறும் கங்கையில் மூழ்கி எழுவது அவருடைய மதக் கடமை. அந்த நீரில் எவ்வளவு மலக் கிருமி இருக்கிறது என்பது அவருடைய ஆய்வுக்கூடம் சொல்லும் எண். கங்கை எதனாலும் அசுத்தமாக மாட்டாள் என்று நம்புகிற பக்தர்களுக்கு, கங்கை அசுத்தம் என்று சொன்னால் கோபம் வரும். புனிதம் என்ற நம்பிக்கையே கழிவு கலப்பதைக் கண்டுகொள்ளாமல் விடக் காரணமாகியது. மிஸ்ரா அவர்களோடு வேறு மாதிரிப் பேசினார்: கங்கை எங்கள் தாய், தாயின் மேல் அழுக்கை ஊற்றலாமா என்று. 1982இல் ஒரு அறக்கட்டளை அமைத்து, 2013இல் இறக்கும் வரை போராடினார். 1986இல் அரசாங்கம் தொடங்கிய கங்கை செயற்திட்டம் மின்சாரத்தை நம்பிய சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டியது. மின்சாரம் நிற்கும்போது கழிவு ஆற்றுக்குள் போகும் என்று அவர் பொறியியலாளராக எதிர்த்தார். கங்கை இன்னும் சுத்தமாகவில்லை. ஆனால் பக்தர்களையும் பொறியியலாளர்களையும் ஒரே மேசையில் இருத்தக்கூடிய ஆள் அவர் ஒருவராகவே இருந்தார்.

வைற்றும் தன் கட்டுரையின் முடிவில் இப்படி ஒரு மனிதரைத் தேடினார். பறவைகளையும் நெருப்பையும் உடன்பிறப்பாக எண்ணிய அசிசியின் பிரான்சிஸைச் சூழலியலாளர்களின் பாதுகாவலராக்கலாம் என்று முன்மொழிந்தார். 1979இல் பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல் அதையே செய்தார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் சூழல் பற்றி ஒரு சுற்றுமடலே எழுதி, ஆதியாகமத்தை இயற்கையைச் சூறையாடும் அனுமதியாக வாசிப்பது பிழை என்றார். என்னுடைய மன்னார் நண்பி வகுப்பில் கேட்ட கேள்விக்கு, அவளுடைய திருச்சபைக்குள் இருந்தே பதில் வந்துவிட்டது.

என்னுடைய முடிவு இதுதான். மதம் எதை மதிக்க வேண்டும் என்று சொல்லும். கருவி எவ்வளவு முடியும் என்று சொல்லும். சட்டமும் காசும் யாருக்கு உரிமை என்று சொல்லும். ஆனால் 'இது போதும்' என்று சொல்ல இந்த மூன்றில் எதுவும் தானாக வருவதில்லை. துலாக் காலத்தில் அதை உடம்பு சொன்னது. உடம்பின் இடத்துக்கு மிசின் வந்த பிறகு, அதை நாங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும், எழுதி வைக்க வேண்டும், கூட்டம் கூடி முடிவெடுக்க வேண்டும்.

இதை எழுதுவது சுலபம். அப்பா இப்பவும் அதே தோட்டத்தில வெங்காயம் போடுறார், யூரியா போடுறார். என்ர பல்கலைக்கழகச் செலவு அந்த வெங்காயத்திலதான் வருது. "குறைச்சுப் போடுங்கோ அப்பா" எண்டு போன விடுமுறைக்குச் சொன்னன். "விளைச்சல் குறைஞ்சால் நீ என்ன செய்வாய்?" எண்டு கேட்டார். என்னட்டப் பதில் இல்லை. அவரைக் குற்றவாளி ஆக்குகிற வரலாற்றை என்னால் எழுத ஏலாது.

ஆனால் ஒரு விடயம் செய்தோம். எங்கட ஊர்க் கோயில் கேணிக்கு சில வருடத்துக்கு முன் அடித்தளம் முழுக்கச் சீமெந்து போட்டு விட்டார்கள். பார்க்க வடிவுதான். மழைத்தண்ணி நிலத்துக்குள் இறங்காது. தீர்த்தத் திருவிழாவுக்குப் பவுசரில் தண்ணீர் கொண்டு வந்து நிரப்புகிறார்கள். நானும் இரண்டு நண்பர்களும் பரிபாலன சபையிடம் போய், சீமெந்தை உடைத்துக் கேணியைத் திறந்து விடுங்கோ, ஊர்க் கிணறுகள் ஊறும் எண்டு கேட்டோம். ஒரு ஐயா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தீர்த்தம் எண்டால் நிலத்தில இருந்து வரவேணும்தான். பவுசர் தண்ணியில சாமி தீர்த்தம் ஆடுறது எனக்கும் ஒரு மாதிரித்தான் கிடக்குது" எண்டார்.

சபை இன்னும் முடிவு சொல்லவில்லை. வாற மாரிக்கு முன்னம் திரும்பப் போய்க் கேக்கப் போறம்.